13,000 ராண்டுக்கு கேமிங் கம்ப்யூட்டர்: விளம்பரத்தில் எழுதாததைக் கேட்டு வாங்குங்கள்

அக்கா, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள், கிரேடு 10 படிக்கும் பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும், கையில் 13,000 ராண்ட். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் வீட்டிலேயே இருக்கிறது. பையன் ஆடுவது கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ஃபோர்ட்நைட், ஜிடிஏ 5. உங்கள் முன்னால் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஒருவர் 9,000 ராண்டுக்கு விற்கும் பழைய "ஐ7 கேமிங் பிசி" ஒன்று. கடையில் 12,999க்குப் போட்டிருக்கும் ரெடிமேட் செட் இன்னொன்று. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் உங்கள் தம்பி சும்மாவே தருகிறேன் என்று சொல்லும் ஆபீஸ் கம்ப்யூட்டர் மூன்றாவது. லோட் ஷெட்டிங்குக்காக (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) வாங்கிய இன்வெர்ட்டரும் வீட்டில் ஓடுகிறது. இதில் எதை எடுப்பது, இல்லை பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக்கொள்வதா என்பது உங்கள் கேள்வி.

என் பதில்: முதல் பெட்டி வேண்டவே வேண்டாம். இரண்டாவதைக் கேள்வி கேட்காமல் வாங்காதீர்கள். பாகமாக வாங்குவது நல்லது. ஆனால் அதற்கு முன் உங்கள் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பாகமாக வாங்கினால் மலிவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பல நேரம் ரெடிமேட் செட்டும் அதே விலைக்குத்தான் வரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் பிராசஸர் பெயர், கிராபிக்ஸ் கார்டு பெயர், ராம் எத்தனை ஜிபி என்று மூன்று விஷயம்தான் பெரிய எழுத்தில் இருக்கும். மதர்போர்டு (எல்லாப் பாகமும் பொருந்தும் பலகை) என்ன, பவர் சப்ளை யார் செய்தது, ராம் ஒரே குச்சியா இரண்டு குச்சியா, எஸ்எஸ்டி எந்த மாடல் என்பதெல்லாம் இருக்காது. விற்பவர் பணத்தை மிச்சம் பிடிப்பது அங்கேதான். பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்களைக்கூடப் பாதிதான் எழுதுவார்கள்.

கிராபிக்ஸ் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஆர்டிஎக்ஸ் 3050" என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி கார்டும் உண்டு, 2024இல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. நினைவகம் மட்டும் குறைந்த அதே கார்டு என்று நினைக்கக் கூடாது. 6 ஜிபி கார்டில் உள்ளே இருக்கும் கணக்குப் பிரிவுகளே குறைவு, நினைவகத்துக்குப் போகும் பாதையும் 128 பிட்டுக்குப் பதில் 96 பிட். மொத்தத்தில் மெதுவான வேறொரு கார்டு. ஜிடி 1030 என்ற பழைய கார்டில் இதைவிட மோசமான வேலை நடந்தது. ஜிடிடிஆர்5 நினைவகம் வைத்ததும் சாதா டிடிஆர்4 வைத்ததும் ஒரே பெயரில் விற்றன, வேகத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வித்தியாசம். ஆர்எக்ஸ் 580 என்று வாங்கினால் 2048எஸ்பி என்ற குறைந்த வகை வந்து சேரவும் கூடும். ஆகவே "3050 இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "முழு மாடல் எண்ணை எழுதி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

உங்கள் பையனுக்கு எது சரி? அதை மானிட்டர்தான் சொல்ல வேண்டும். ஃபுல் எச்டி, பெரும்பாலும் 60 அல்லது 75 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 60, 75 படங்களுக்கு மேல் அது காட்டாது. இதற்கு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்டு தாராளம். 2021இல் வந்தது, பழசுதான். ஆனால் 132 வாட்டில் ஓடும், ஒரே ஒரு 8 பின் வயர் போதும், ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கார்டைவிடத் தெளிவாகவே வேகமானது. பையன் ஆடும் மூன்று ஆட்டங்களையும் இந்த மானிட்டரின் எல்லைக்கு மேலேயே ஓட்டிவிடும். கடையில் இது தீர்ந்துபோயிருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060 பாருங்கள், ஆனால் அதற்குப் பட்ஜெட் நெருக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மட்டும் வேண்டாம். 4 ஜிபிதான், மதர்போர்டோடு நான்கே பாதைகளில் பேசும். பிசிஐஇ என்ற அந்தப் பாதை பழைய 3.0 வகையாக இருக்கும் போர்டில் போட்டால் மூச்சுத் திணறும்.

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினாலும் சரி, கார்டுக்குப் போகட்டும். பிராசஸருக்கு அதில் பாதி போதும். இங்கே நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, "ஐ7" என்று கேட்டாலே கண் விரியும். அந்த 9,000 ராண்ட் பெட்டிக்குள் ஐ7-2600 அல்லது 3770தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். முன்னது 2011, பின்னது 2012. இன்றைய நான்கு கோர் ஐ3-12100எஃப் இரண்டையும் சுலபமாகத் தாண்டிவிடும். அந்தப் பழைய சிப்புகளில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது, அது இல்லாமல் திறக்கவே மறுக்கும் புது ஆட்டங்கள் இருக்கின்றன. விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வாலரன்ட் போன்ற ஆட்டங்களின் ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள் (ஆன்டி-சீட்) விண்டோஸ் 11இல் டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். 9,000 ராண்ட் கொடுத்து இந்தத் தலைவலியை ஏன் வாங்க வேண்டும்?

புதிதாக வாங்கினால் ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டிலும் ஆறு கோர், ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, அன்றைக்கு எது மலிவோ அதை எடுங்கள். இரண்டிலும் சொந்தமாகப் படம் காட்டும் வசதி கிடையாது. அதனால் மானிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். "புது கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை" என்று பதறி என்னிடம் தூக்கி வருபவர்களில் சிலருக்கு அந்த வயரை இடம் மாற்றிக் கொடுத்தே அனுப்பியிருக்கிறேன். 5600ஜி என்ற வகை வேறு. அதில் படம் காட்டும் பகுதி உள்ளேயே உண்டு. கார்டு வாங்கவே பணமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறோம் என்பவர்களுக்கு அது நல்ல வழி. உங்களுக்குத் தேவையில்லை.

மதர்போர்டைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். 5600க்கு பி550 எடுங்கள். மலிவான ஏ520 போர்டிலும் ஓடும், பிசிஐஇ 4.0 மட்டும் இருக்காது, ஆர்எக்ஸ் 6600க்கு அதனால் சிறிய நஷ்டம்தான். பழைய பி450 போர்டு என்றால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் 5600ஐ அதற்கு அடையாளம் தெரியாது. இன்டெல் பக்கம் போனால் ஒரே எச்610 பெயரில் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் விற்கிறார்கள். ஒன்றின் ராம் மற்றதில் நுழையவே நுழையாது.

சிலர் உங்களிடம் "ஏஎம்5 வாங்குங்கள், எதிர்காலத்துக்கு ஆகும்" என்பார்கள். தப்பில்லை, 2022இல் வந்த அந்தச் சாக்கெட்டை (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) 2027 தாண்டியும் ஆதரிப்போம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க எகிறிவிட்டது. 13,000 ராண்டில் ஏஎம்5க்குப் போனால் கிராபிக்ஸ் கார்டில்தான் கை வைக்க வேண்டிவரும். அது வேண்டாம்.

ராம் 16 ஜிபி, டிடிஆர்4-3200, எட்டு எட்டாக இரண்டு குச்சி. ரெடிமேட் செட்டில் "16 ஜிபி" என்று போட்டுவிட்டு ஒரே குச்சியைச் செருகியிருப்பார்கள். அப்போது பிராசஸர் ஒரு வழியில் மட்டுமே ராமோடு பேசும், கவுன்டர்-ஸ்ட்ரைக் மாதிரி பிராசஸரை நம்பி ஓடும் ஆட்டத்தில் அது நன்றாகவே தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்கத் தகுந்த பாகம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ராமைத்தான் சொல்வேன். அது சுலபத்தில் கெடாது, மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியை ஓர் இரவு ஓடவிட்டால் குறை இருந்தால் தெரிந்துவிடும். பொருத்தியபின் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை ஆன் செய்ய மறக்காதீர்கள். செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133 அல்லது 2400இல் சோம்பலாக ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ வகை (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை). இன்றைய பெரிய ஆட்டங்கள் சில ஒவ்வொன்றும் 100 ஜிபிக்கு மேல் விழுங்குகின்றன, 500 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும். வேக எண்களைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்காதீர்கள், சாதா மாடலுக்கும் ராக்கெட் மாடலுக்கும் ஆட்டம் திறப்பதில் ஓரிரு நொடிதான் வித்தியாசம்.

இப்போது பவர் சப்ளை. மற்ற ஊர்க்காரர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு அது போதாது. 2023 மாதிரி தினமும் லோட் ஷெட்டிங் இப்போது இல்லை என்பது உண்மைதான், 2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனால் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு, சுமை கூடிய பகுதிகளில் மட்டும் கரண்டை நிறுத்தும் லோட் ரிடக்‌ஷன் எல்லாம் போகவில்லை. கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் நொடிதான் ஆபத்து. தெருவில் இருக்கும் அத்தனை கீசரும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்போது வோல்டேஜ் ஆடும். என்னிடம் வரும் செத்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் பவர் சப்ளைதான் குற்றவாளி. மலிவானதாக இருந்தால் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஆகவே பெட்டியில் "600 வாட்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள், அதை 12ஆல் பெருக்குங்கள். உண்மையான 550 வாட் சப்ளையில் இது 500 வாட்டுக்கு மேல் வரும். 25 ஆம்ப் என்று இருந்தால் 300 வாட்தான், மீதி எண் வெறும் அலங்காரம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இருந்தாலும் அதுகூட இல்லாததைத் தொடாதீர்கள். தெரிந்த நிறுவனம், 80 பிளஸ் பிரான்ஸ், 550 வாட், ஐந்து வருட வாரன்டி என்று தேடுங்கள். நான் சொன்ன பிராசஸரும் கார்டும் முழு மூச்சில் ஓடினாலும் மொத்தம் 250 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும், ஆகவே 750 வாட் என்று யாராவது தள்ளினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருப்பது நல்லது, ஆனால் அதில் ஒரு செட்டிங்கைப் பார்த்தாக வேண்டும். கரண்ட் நின்றால் ஒழுங்கான பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்து 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரண்டு முறை உண்டு. வீட்டுச் சாதன முறையில் பேட்டரிக்கு மாற ஏறக்குறைய 20 மில்லி விநாடி எடுக்கும், யுபிஎஸ் முறையில் 10 தான். முதல் முறையில் இருந்தால் டிவி கண் சிமிட்டாது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், எல்லாரும் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். யுபிஎஸ் முறைக்கு மாற்றிவையுங்கள். வெளியே வருவது ப்யூர் சைன் வேவ் (மெயின் கரண்ட் போன்ற சீரான அலை) தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிக் கணக்கு இப்படி: மானிட்டரோடு சேர்த்து ஆடும்போது 280 வாட் என்று வைத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு 700 வாட்-அவர். 24 வோல்ட் 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரியில் இது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பையனுக்குத் தாங்கும், ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் கெட்டிலைப் போடாதீர்கள். கடையில் விற்கும் 600 விஏ சின்ன யுபிஎஸ் கேமிங்குக்கு ஆகாது, சேவ் செய்துவிட்டு அணைக்க நேரம் தரும், அவ்வளவுதான்.

இடி மின்னல் நேரத்தில் சர்ஜ் பிளக்கை நம்பி உட்காராமல் பிளக்கை உருவிவிடுங்கள், நெட்வொர்க் வயரையும் சேர்த்து. ரவுட்டர் வழியாக வந்து மதர்போர்டைத் தாக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய பிளக்கோடு வயர் வந்தால் அடாப்டர் மேல் அடாப்டர் அடுக்க வேண்டாம், நம் மூன்று பின் பிளக் போட்ட வயர் தனியாகவே கிடைக்கும்.

கேபினட் விஷயத்தில் விளக்கு வேண்டாம், காற்று வேண்டும். முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலையாக இருக்கட்டும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று ஃபேன். ஜோஹன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெப்பத்தைக் குறைவாகத்தான் அள்ளும். டர்பனில் அந்தக் கவலை இல்லை, உங்களுக்கு ஈரமும் உப்புக் காற்றும். கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மாதக்கணக்கில் மூடியும் வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், பையன் "லேக் அடிக்கிறது" என்று சொன்னால் உடனே பெரிய கார்டு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் ஜோஹன்னஸ்பர்க்கிலேயே சர்வர் இருக்கிறது, பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) குறைவாகவே வரும். சர்வர் வெளிநாட்டில் இருக்கும் ஆட்டத்தில் எந்தக் கார்டு போட்டாலும் அந்தத் தாமதம் போகாது. வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்தால் முக்கால்வாசிப் புகார் நின்றுவிடும்.

வாங்கும் இடம்: வூட்வேர், எவெடெக், டேக்கலாட் என்ற ஆன்லைன் கடைகள் மூன்றிலும் ஒரே நாளில் விலை பாருங்கள், ராண்ட் ஏறி இறங்குவதால் போன வார விலை இந்த வாரம் இருக்காது. இந்தக் கடைகளில் காட்டும் விலையில் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்ந்தே இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப மின்வணிகச் சட்டம் இடம் தருகிறது, அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. குறையுள்ள பொருள் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை. தனி ஆளிடம் வாங்கும் பழைய பொருளுக்கு இதெல்லாம் கிடையாது. விளம்பரத்தில் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று இருந்தால் உள்ளது உள்ளபடி என்று அர்த்தம், பிறகு குறை சொல்லிப் பணம் கேட்பது கஷ்டம். பழைய கார்டு வாங்கினால் அரை மணி நேரமாவது ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்கான மைனிங் நின்றதும், அதற்காக ஓயாமல் ஓடி வெளியே வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

சரி, உங்கள் தம்பியின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வருவோம். அதில் பிராசஸர் என்ன என்று கேளுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பக்கத்தில் இருக்கும். ஐ5-6500, 7500 என்று ஆறிலோ ஏழிலோ தொடங்கினால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள், விண்டோஸ் 11 பட்டியலில் அவை இல்லை. ஐ5-8500 மாதிரி எட்டிலோ, அதற்கு மேல் 9, 10 என்றோ தொடங்கினால் உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐ5-8500உம் ஆறு கோர்தான். ராம் 8 ஜிபியாக இருந்தால் இன்னொரு எட்டு சேருங்கள். ஆபீஸ் பெட்டிகளின் பவர் சப்ளை சின்னது, கார்டுக்கான தனி வயரும் இருக்காது. இங்கேதான் நான் மேலே குறை சொன்ன ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கைகொடுக்கும். 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயரே வேண்டாம், போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெட்டி ஒல்லியான வகை என்றால் லோ ப்ரொஃபைல் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும், சாதாக் கார்டு உயரத்தில் இடிக்கும்.

இப்படிச் செய்தால் உங்கள் 13,000இல் பாதிக்கும் குறைவாகத்தான் செலவாகும். பையன் ஆடும் மூன்று ஆட்டங்களும் ஃபுல் எச்டியில், சில செட்டிங்குகளைக் கொஞ்சம் இறக்கி, நன்றாகவே ஓடும். மீதியில் ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கலாம், கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடும் பிள்ளைக்கு அது நிஜமாகவே தெரியும் வித்தியாசம். தம்பியிடம் பிராசஸர் எண்ணோடு பெட்டியின் அகலத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் ஒல்லி வகை. இரண்டும் தெரிந்ததும் எழுதுங்கள், எந்தக் கார்டு உள்ளே நுழையும் என்று மாடல் எண்ணோடு சொல்கிறேன்.